அம்மாவின் மரணமும் ரோமர் 6:23-ம்

சகோதரி, 52 வயதில் புற்றுநோயில் போன அம்மாவைப் பற்றி, அடக்க ஆராதனை முடிந்த கையோடு உறவினர் ஒருவர் "பாவத்தின் சம்பளம் மரணம்" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தில் அதைச் சொல்ல எப்படித்தான் மனம் வந்ததோ!

பைபிளில் ரோமர் 6:23-ல் வரும் அந்த வசனம் அதோடு முடியவில்லை. "தேவனுடைய கிருபைவரமோ" என்று தொடர்ந்து நித்தியஜீவனில் போய்த்தான் நிற்கிறது. சம்பளம் என்பதற்கு, ரோமர் என்ற இந்தக் கடிதத்தை எழுதிய அப்போஸ்தலர் பவுல் பயன்படுத்திய கிரேக்கச் சொல், படைவீரர்களுக்குக் கொடுக்கும் கூலியைக் குறிப்பது. கூலி உழைத்து வாங்குவது. வரம் சும்மா கிடைப்பது. அவர் சொல்லவந்தது இந்த வேறுபாட்டைத்தான். அதிலும் மனிதகுலம் முழுவதையும் பற்றிப் பேசுகிறார். இன்னாருக்கு இன்ன பாவத்தால் இந்த நோய் என்று கணக்குப் போடவில்லை.

அப்படிக் கணக்குப் போட்டவர்களை இயேசுவே மறுத்திருக்கிறார். பிறவிக் குருடனைக் காட்டி, "யார் செய்த பாவம்?" என்று சீஷர்கள் கேட்டபோது, அவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்றார் (யோவான் 9). சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்ல என்றார் (லூக்கா 13).

சரி, விசுவாசிகள் ஏன் சாகிறார்கள் என்ற உங்கள் கேள்வி. மரணத்தைப் பவுல் கடைசிச் சத்துரு என்கிறார் (1 கொரிந்தியர் 15:26). அது இனிமேல்தான் ஒழிக்கப்படும். தன்னை விசுவாசிக்கிறவன் "மரித்தாலும் பிழைப்பான்" என்ற இயேசுவின் வாக்குறுதியிலும் மரித்தல் இருக்கத்தான் செய்கிறது.

அப்புறம், அழாதே என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். இறந்துபோன நண்பர் லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார்.