எந்தப் புறநகரில் குடியேறலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் கணவருக்குச் சென்னை கிண்டி தொழிற்பேட்டையில் உள்ள நிறுவனத்திற்கு மாற்றல் கிடைத்திருக்கிறது. எட்டாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் படிக்கும் இரண்டு பிள்ளைகள், இதய நோய்க்கு மருந்து உட்கொள்ளும் மாமியார் ஆகியோருடன் நாங்கள் குடிபெயர வேண்டும். ஆவடியில் வாடகை குறைவு என்று ஒரு உறவினரும், தாம்பரமே சிறந்தது என்று மற்றொருவரும், மேடவாக்கம்தான் வளரும் இடம் என்று வீட்டுத் தரகரும் சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: மூன்றுமே நல்ல ஊர்கள்தாம், ஆனால் உங்கள் கணவர் தினமும் போய்வர வேண்டிய இடம் கிண்டி என்பதால் கேள்வி பாதி தீர்ந்துவிடுகிறது. சென்னையின் புறநகர் மின்ரயில்கள் மூன்று திசைகளில் செல்கின்றன: கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டுக்கும், சென்ட்ரல் பக்கமிருந்து ஆவடி வழியாக அரக்கோணத்திற்கும், வடக்கே கும்மிடிப்பூண்டிக்கும். கிண்டி முதல் தடத்தில் இருக்கிறது. ஆவடியில் குடியிருப்பவர் கிண்டிக்கு ரயிலில் வர வேண்டுமானால் சென்ட்ரல் வரை வந்து, பூங்கா நிலையத்திற்குக் கடந்துபோய், வேறு ரயில் ஏற வேண்டும். வாடகையில் மிச்சமாவது அலைச்சலில் போய்விடும். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு மாற்றலாகியிருந்தால் ஆவடியையே நான் முதலில் சொல்லியிருப்பேன். மேடவாக்கத்திற்கு மின்ரயில் கிடையாது. வேளச்சேரி சாலையில் காலை எட்டரை மணிக்குப் பேருந்தில் ஒருமுறை சென்று பார்த்துவிட்டு அதைப் பற்றி முடிவு செய்யுங்கள். தரகர்கள் சொல்லும் ‘பத்து நிமிடம்’ என்பது பெரும்பாலும் இரவு பதினொரு மணிக்கு அளந்த பத்து நிமிடமாகவே இருக்கும்.

ஆகவே பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஆகியவற்றை ஒட்டித் தேடுங்கள். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ரயிலில் ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். தாம்பரத்திற்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் என்று போகப்போக வாடகை குறையும். ஆனால் கடற்கரையிலிருந்து வரும் ரயில்களில் பல தாம்பரத்தோடு நின்றுவிடுவதால் காத்திருக்கும் நேரம் கூடும். தண்டவாளம் இந்த ஊர்களை இரண்டாகப் பிரிக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். பள்ளி ஒரு பக்கமும் வீடு மறுபக்கமும் அமைந்துவிட்டால், பிள்ளைகள் தினமும் சுரங்கப்பாதையையோ மேம்பாலத்தையோ நம்பி இருக்க வேண்டியதாகிவிடும்.

அடுத்தது தண்ணீர், அதாவது, மழையில் வரும் தண்ணீரும் கோடையில் வராத தண்ணீரும். பள்ளி மாற்றத்திற்காக நீங்கள் மே மாதத்தில் வீடு பார்க்கப் போவீர்கள். அந்த மாதத்தில் தண்ணீர்ப் பஞ்சம் கண்ணுக்குத் தெரியும், வெள்ளம் தெரியாது. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் மக்களைப் படகில் மீட்க வேண்டியிருந்தது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால்தான் அங்கே வெள்ளம் வந்தது என்று பலர் இன்றும் நினைக்கிறார்கள். அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைப் பக்கத்தில். ஆற்றின் போக்கில் முடிச்சூர் அந்த இடத்திற்கு முன்னதாகவே இருப்பதால், ஏரியின் நீர் அங்கே வந்திருக்க முடியாது. ஆதனூர், மண்ணிவாக்கம் முதலிய ஏரிகள் நிரம்பி வழிந்த நீர்தான் அந்தப் பகுதியைச் சூழ்ந்தது. அதன் பிறகு அங்கே ஆற்றை அகலப்படுத்தியும் மூடு கால்வாய் கட்டியும் இருக்கிறார்கள் என்பதால் நிலைமை முன்பைவிடத் தேவலை. ஆனாலும் இதய நோயுள்ள மாமியாரோடு அங்கே தரைத்தளத்தில் குடியேறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. இதய நோயாளிக்குப் படி ஏறாத வீடு வேண்டும். வெள்ளத்திற்கு அஞ்சினால் தரைத்தளம் கூடாது. கீழே வாகன நிறுத்தமும், அதற்கு மேல் முதல் தளத்தில் வீடும், லிஃப்டும் உள்ள சிறிய அடுக்கு வீடாகப் பார்ப்பதே இதற்கு வழி. மின்தடையின்போது லிஃப்டுக்கு ஜெனரேட்டர் உண்டா என்று கேட்டு, அதை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். அந்தத் தெருவில் தண்ணீர் எந்த அளவு ஏறியது என்பதை வீட்டு உரிமையாளரிடம் கேட்பதைவிட, தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் பால் போடுபவரிடமும் கேட்பது நல்லது. மின்மீட்டர் பெட்டிகளை வழக்கத்தைவிட உயரத்தில் மாற்றிப் பொருத்தியிருந்தால், அதன் காரணத்தையும் விசாரியுங்கள்.

குடிநீர்க் குழாய் இணைப்பும் பாதாளச் சாக்கடையும் எல்லாத் தெருக்களுக்கும் வந்துவிடவில்லை. 2021இல் தாம்பரம் மாநகராட்சியானபோது ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாக இணைத்தார்கள். பெயர் மாறிய வேகத்தில் குழாய்கள் மாறுவதில்லை. ஆழ்துளைக் கிணற்றின் நீர் உப்பாக இருக்கிறதா, ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் லாரி வாங்குகிறார்களா, அந்தச் செலவு மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் அடங்குமா அல்லது தனியா என்று எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். பல்லாவரத்தை ஒட்டிய நாகல்கேணி பகுதியில் தோல் பதனிடும் ஆலைகளால் நிலத்தடி நீர் கெட்டிருப்பதால், அந்தப் பக்கம் கிணற்று நீரை மட்டும் நம்பிக் குடியேற வேண்டாம்.

மருத்துவத்தைப் பொறுத்தவரை குரோம்பேட்டை, தாம்பரம் பகுதியில் அரசு மருத்துவமனை உண்டு. 2023இல் திறக்கப்பட்ட பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனை கிண்டியிலேயே இருக்கிறது. இவையெல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, குரோம்பேட்டையில் ரயில் நிலையத்திலிருந்து நடந்துசெல்லும் தொலைவில் உள்ள ஒரு வீடு என்பதே உங்களுக்கு என் பதில். வாடகை கட்டுப்படியாகாவிட்டால் கிழக்குத் தாம்பரத்தில் பாருங்கள். ஊரப்பாக்கத்தில் அதே பணத்திற்கு ஒரு அறை கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த அறையைவிடத் தந்தை ஏழு மணிக்கு வீடு திரும்புவது பெரிது என்பது என் எண்ணம்.

கேள்வி: கூடுவாஞ்சேரிக்கு உட்புறமாக ஒரு மனை வாங்க முன்பணம் கேட்கிறார்கள். கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தால் விலை ஏறும் என்கிறார்கள். வாங்கலாமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கிளாம்பாக்கம் முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டது, அதனால் ஏற வேண்டிய விலையில் பெரும்பகுதியை விற்பவர் ஏற்கெனவே ஏற்றியிருப்பார். நீங்கள் பார்க்க வேண்டியது ஆவணங்களை. மனைப்பிரிவுக்குச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் ஒப்புதலோ நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதலோ இருக்க வேண்டும். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்பதை ஒப்புதலாகக் கருதாதீர்கள். அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டம் 20.10.2016க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கானது. அதற்குப் பின் பிரிக்கப்பட்டதை ‘பிறகு முறைப்படுத்திக்கொள்ளலாம்’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மனைப்பிரிவின் பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டினால் அது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திலும் பதிவாகியிருக்க வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று எடுத்து, மூலப் பத்திரத்தையும் பட்டாவையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கிராம வரைபடத்தில் அந்தப் புல எண்ணை (சர்வே எண்) ஒட்டி ஏரியோ ஓடையோ வரத்துக் கால்வாயோ செல்கிறதா என்பதை நீங்களே பாருங்கள். முன்பணத்தை இத்தனைக்கும் பிறகு கொடுத்தால் போதும். அவசரப்படுத்துகிறவரிடம் அவசரப்படாமல் இருப்பது உங்கள் உரிமை.

கேள்வி: சிறுசேரியில் வேலை. பழைய மகாபலிபுரம் சாலையிலேயே தங்குவதா, தாம்பரத்திலிருந்து போய்வருவதா?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: தனியாள் என்றால் நாவலூர், கேளம்பாக்கம் பக்கமே வாடகைக்குத் தங்குங்கள், தினமும் தாம்பரத்திலிருந்து சாலை வழியே போய்வருவது வீண். மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை ஒரு தடம் இருக்கிறது. ஆனால் ரயில் ஓடத் தொடங்கும் நாள்வரை அதை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் வெள்ளம் ஒக்கியம் மடுவு என்னும் நீரோடை வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய்த்தான் கடலைச் சேர வேண்டும் என்பதால், அந்த வழியை ஒட்டிய தாழ்வான தெருக்களைத் தவிர்த்து வீடு பாருங்கள். பதினொரு மாத ஒப்பந்தம் போட்டால் ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் அங்கே இருந்து பார்த்துவிடலாம். வீடு வாங்கும் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.