ராபர்ட் கார்ட்டரின் விடுதலைப் பத்திரம்: எந்தத் தேதியை எழுதுவது?

கேள்வி: அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்துத் தோட்ட முதலாளி ராபர்ட் கார்ட்டரைப் பற்றிப் பள்ளி மாணவர்களுக்காக எழுதுகிறேன். 1791-ல் ஒரே நாளில் 500 அடிமைகளை விடுவித்தார் என்று ஓரிடத்திலும், பல ஆண்டுகள் ஆயின என்று இன்னோரிடத்திலும் பார்த்தேன். எது சரி?

பதில்: இரண்டாவதுதான் சரி. நம் ஊரில் கிரயப் பத்திரம் படிப்பதைப் போலவே இதையும் படியுங்கள்: எழுதிய நாள் வேறு, பதிவான நாள் வேறு, அமலுக்கு வந்த நாள் வேறு.

முதலில் ஆளைச் சரிபாருங்கள். தாத்தா, அப்பா, பேரன் மூவருமே ராபர்ட் கார்ட்டர்தான். 'கிங்' கார்ட்டர் எனப்பட்டவர் 1732-ல் இறந்த தாத்தா. நீங்கள் எழுதுவது பேரனைப் பற்றி. வெஸ்ட்மோர்லேண்ட் கவுன்ட்டியில் (கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் போன்றது) நோமினி ஹால் என்ற மாளிகையில் வாழ்ந்து, 1758 முதல் ஆளுநர் அவையில் உறுப்பினராக இருந்து, 1804-ல் பால்டிமோரில் இறந்தவர் இவர். இவரது பிறந்த ஆண்டு சில நூல்களில் 1727, சிலவற்றில் 1728. பிழை அல்ல. 1752-க்கு முன் ஆங்கிலேய ஆட்சிப் பகுதிகளில் சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25-ல்தான் பிறந்தது. இவர் பிறந்ததோ பிப்ரவரியில். 1728 என்றே எழுதுங்கள்.

இப்போது பத்திரம். எழுதிய நாள் 1791 ஆகஸ்ட் 1. நார்தம்பர்லேண்ட் நீதிமன்றத்தில் பதிவானது செப்டம்பர் 5. முதல் 15 பேர் விடுதலையானது 1792 ஜனவரி 2. அதன்பின் ஜனவரிதோறும் 15 பேர். சிறுவர்கள் 21 வயதிலும் சிறுமிகள் 18 வயதிலும் விடுதலை பெறவேண்டும். இணைப்புப் பட்டியலில் ஒவ்வொருவரின் பெயர், வயது, எந்தத் தோட்டம் என்ற விவரம் உண்டு (பல தோட்டங்களுக்கு மேஷம், சிம்மம், துலாம் என ராசிப் பெயர்கள்). 1791-ல் மூன்று வயதான சிறுமியைப் பட்டியலில் பார்த்தால் 15-ஐக் கூட்டுங்கள்: அவள் விடுதலை 1806 வாக்கில். அதே வயதுச் சிறுவனுக்கு 1809.

பட்டியலில் உள்ளவர்கள் சுமார் 450 பேர். 500 என்பது, அதன்பின் பிறந்த குழந்தைகளையும் சேர்த்துச் சொல்லும் தோராயக் கணக்கு. இரண்டையும் கலக்காதீர்கள்.

ஏன் இத்தனை படிகள்? காரணத்தின் பெரும்பகுதி 1782-ஆம் ஆண்டு வெர்ஜீனியா சட்டத்தில் இருக்கிறது. அதற்குமுன், 1723 சட்டப்படி, சிறப்புச் சேவைக்காக ஆளுநரும் அவையும் ஒப்புக்கொண்டால் மட்டுமே ஓர் அடிமையை விடுவிக்க முடியும். 1782-க்குப் பின் உரிமையாளரே எழுதிக் கொடுக்கலாம். கையெழுத்து, முத்திரை, நீதிமன்றத்தில் இரண்டு சாட்சிகள் போதும். ஆனால் 45 வயதைத் தாண்டியோரையும், 21 நிறையாத ஆண்களையும், 18 நிறையாத பெண்களையும் விடுவித்தால் அவர்களைப் பராமரிக்கும் செலவு விடுவித்தவரையே சேரும். கார்ட்டர் 45-க்கு உட்பட்டவர்களில் மூத்தவர்களை முதலில் வைத்ததும், பிள்ளைகளுக்கு 21, 18 எனக் குறித்ததும் இந்தச் சட்ட வரம்புகளோடு அப்படியே பொருந்துகின்றன.

பத்திரம் பதிவானதாலேயே ஒருவர் சுதந்திரமாகிவிடவில்லை என்பதை மாணவர்களுக்கு அழுத்தமாகச் சொல்லுங்கள். கவுன்ட்டியை விட்டு வெளியே போக, விடுதலை ஆவணத்தின் நகல் கையில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சிறை. 1793-ல் கார்ட்டர் பால்டிமோருக்குக் குடிபெயர்ந்தபின் விடுதலை வேலையைப் பொறுப்பேற்று நடத்தியவர் பாப்டிஸ்ட் போதகர் பெஞ்சமின் டாசன். குடும்பத்துக்குள்ளிருந்தே எதிர்ப்பு வந்தது. 1806-ல் வந்த இன்னொரு சட்டம், அதன்பின் விடுதலையாகிறவர்கள் 12 மாதங்களுக்குள் மாநிலத்தை விட்டு வெளியேறவேண்டும் என்றது. கடைசி ஆண்டுகளைப் பற்றி எழுதும்போது அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனோடு ஒப்பிட விரும்பினால் கவனம் தேவை. அவர் தமக்குச் சொந்தமான 123 பேரின் விடுதலையை உயிலில் எழுதினார். 1799-ல் அவர் இறந்தபின், 1801 ஜனவரி 1-ல் அவர்கள் விடுதலையானார்கள். கார்ட்டர் செய்தது, தாம் உயிரோடு இருக்கும்போதே. அது பெரிய வேறுபாடு, சந்தேகமில்லை. ஆனாலும் அதற்குமுன் பல பத்தாண்டுகள் அதே மக்களின் உழைப்பில் புகையிலையும் கோதுமையும் விளைவித்து வாழ்ந்தவர்தான் அவர். வாழ்க்கைக் குறிப்பில் அந்தப் பகுதிக்கும் உரிய இடம் தரவேண்டும்.

உங்கள் பக்கத்தில் இப்படி எழுதலாம்: "1791-ல் பதிவுசெய்த பத்திரத்தின் மூலம், 1792 முதல் படிப்படியாக, சுமார் 450 பேரையும் அவர்களுக்குப் பின்னர் பிறந்த குழந்தைகளையும் விடுவிக்க ஏற்பாடு செய்தார்." இடம் இருந்தால் பட்டியலிலிருந்து ஒருவரின் பெயர், வயது, தோட்டம் மூன்றையும் சேர்த்து, அவர் விடுதலையாகவேண்டிய ஆண்டை மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள்.