மாரத்தான் ஓடி முடிச்சாச்சு, இப்போ நோட்டைத் திறங்க: வேலூர்க்காரங்க கேட்ட கேள்விகளும் என் பதிலும்

ஜனவரில சென்னைக்குப் போய் 42.195 கிமீ ஓடிட்டு வந்தவங்க இந்தத் தடவை நம்ம பக்கத்துல நிறைய பேரு. கோட்டை எதிர்ல டீ குடிக்கும்போது ஆளாளுக்கு ஒரு கேள்வி கேட்டாங்க, எல்லாத்தையும் எழுதி வாங்கிகினு வந்துட்டேன். நான் டாக்டரும் இல்ல கோச்சும் இல்ல. 11 முழு மாரத்தான் ஓடியிருக்கேன், ஒவ்வொண்ணுக்கும் ஒரு நோட்டு வெச்சிருக்கேன், அதைப் பார்த்துதான் பேசறேன்.

காட்பாடி தம்பி: அக்கா, 4:30 டார்கெட் வெச்சேன், 5:12 ஆயிடுச்சு. முதல் பாதி 2:08ல சூப்பரா போனேன், 30க்கு மேல கால் நகரவே இல்ல. கடைசி 12 கிமீக்குன்னு தனியா இன்னா ட்ரெய்னிங் பண்ணணும்?

தம்பி, தப்பு கடைசி 12ல இல்ல, முதல் 10ல கீது. 4:30 மணி நேரத்துக்கு கிமீக்கு 6:24 நிமிஷம் போதும். நீ 6:04ல போயிருக்க. பாதி தூரத்துல 7 நிமிஷம் லாபம்னு சந்தோஷப்பட்டிருப்ப, ஆனா ரெண்டாவது பாதி 3:04, அப்போ 49 நிமிஷம் திருப்பிக் கட்டியிருக்க. வேகம் ஏற ஏற உடம்பு கொழுப்பை விட்டுட்டு தசைல சேர்த்து வெச்சிருக்கற சர்க்கரையை, அதாவது கிளைகோஜனைத்தான் அதிகமா எடுத்து எரிக்கும், அந்த ஸ்டாக் கொஞ்சம்தான், அது தீர்ந்துபோற இடம்தான் உனக்கு 30. கெல்வின் கிப்டம் 2023ல சிகாகோல 2:00:35 ஓடினாரே, அதுல முதல் பாதி 60:48, ரெண்டாவது 59:47. உலக ரெக்கார்டு போட்ட மனுஷனே முன்னாடி அடக்கி வெச்சுட்டு பின்னாடிதான் அவுத்து விட்டிருக்காரு.

ஆனா இதோட நிறுத்தாத, ட்ரெய்னிங் நோட்டையும் எடு. 25 கிமீக்கு மேல எத்தனை லாங் ரன் ப்ளான்ல இருந்துச்சு, எத்தனை நிஜமா ஓடின? தீபாவளி வாரம் போச்சு, அப்புறம் மழை, அப்புறம் யார் வீட்டுக் கல்யாணமோன்னு மூணு நாலு ஞாயித்துக்கிழமை காணாம போயிருந்தா 4:30ங்கற டார்கெட்டே அந்த ட்ரெய்னிங்குக்கு ஜாஸ்தி. வேகமா கிளம்பினது ஒரு தப்பு, டார்கெட் வெச்சது வேற தப்பு, ரெண்டையும் தனித்தனியா எழுது, இல்லன்னா அடுத்த வருஷம் தப்பான ஒண்ணைத் திருத்திகினு இருப்ப.

தொரப்பாடி தங்கச்சி: எப்போ எழுதணும், இன்னா எழுதணும் அக்கா?

அன்னிக்கே எழுதணும், வாட்ச்சைப் பார்க்கறதுக்கு முன்னாடி. நம்பரைப் பார்த்துட்டா மனசு அதுக்கு ஏத்த மாதிரி கதை கட்ட ஆரம்பிச்சிடும். என் மூணாவது மாரத்தான் முடிச்சுட்டு காட்பாடி வர்ற ட்ரெய்ன்ல நோட்டு இல்லாம பிப்பை (நெஞ்சுல ஊக்கால குத்திக்கற நம்பர் தாள்) திருப்பிப் போட்டு, கிமீ கணக்குல பால்பாயின்ட் பேனால எழுதினேன், நாலு மூலைலயும் ஊக்கு ஓட்டை, நடுவுல வேர்வைக் கறை. "18: இடது பெருவிரல் உரசுது. 24: தண்ணி கப் வாங்கினேன், பாதி சட்டைல. 27: முன்னாடி போறவங்க மேல காரணமில்லாம கோபம். 31: நடந்தேன்." அவ்ளோதான். நாலு நாள் கழிச்சு வாட்ச்சோட வெச்சுப் பார்த்தா வேகம் குறைய ஆரம்பிச்சது 28ல. 27ல வந்த கோபம் சர்க்கரை இறங்கற அறிகுறி போல, அதுக்கப்புறம் ரெண்டு ரேஸ்லயும் அப்படியே வந்துச்சு. இப்பல்லாம் எரிச்சல் வந்தா உடனே ஏதாவது சாப்பிட்டுடுவேன். இந்த விஷயம் எந்த வாட்ச்லயும் வராது, அன்னிக்கு எழுதினதுனாலதான் கிடைச்சுது.

நம்பரை மூணு நாலு நாள் கழிச்சுப் பாரு. அடுத்த ரேஸ் எதுன்னு முடிவு ரெண்டு வாரத்துக்கு அப்புறம்.

சத்துவாச்சாரி அண்ணன்: டிசம்பர்ல ரத்னகிரி பக்கம் லாங் ரன் போனப்போ ஹார்ட் ரேட் 148, சென்னைல அதே வேகத்துக்கு 165. ஃபிட்னஸ் இறங்கிடுச்சாம்மா?

இல்லண்ணா. டிசம்பர் விடியக்காலைல நம்ம ஊரு குளிரும், காத்தும் கடற்கரை அளவுக்கு ஈரமா இருக்காது, வேர்வை காய்ஞ்சு உடம்பைக் குளிர வைக்கும். சென்னைல வேர்வை காயாம சொட்டி கீழ போயிடும், சூடு உள்ளயே தங்கிடும், தோலுக்கும் ரத்தம் அனுப்பணும் காலுக்கும் அனுப்பணும்னு இதயம் கூட அடிக்குது. தண்ணி குறையக் குறைய இன்னும் ஏறும். கைல கட்டற வாட்ச் சில சமயம் கால் அடியையே நாடித்துடிப்புன்னு எண்ணிடும், அதனால அந்த நேரம் மூச்சு எப்படி இருந்துச்சுன்னும் யோசிச்சுப் பாருங்க.

இதுக்கு ஒரு வேலை இருக்கு. லாங் ரன்னுக்கு முன்னாடியும் பின்னாடியும் வேர்வையைத் துடைச்சுட்டு எடை போடுங்க. 1 கிலோ குறைஞ்சா சுமார் 1 லிட்டர், நடுவுல குடிச்ச தண்ணியையும் கூட்டிக்கோங்க, எத்தனை மணி நேரம் ஓடினீங்களோ அதால வகுங்க. மார்ச்ல ஒரு கணக்கு, டிசம்பர்ல ஒரு கணக்கு இருந்தா அடுத்த தடவை கண்ணை மூடிகினு குடிக்க வேணாம். ஓடிட்டு வந்து எடை ஏறியிருந்தா அது ஆபத்து, தேவைக்கு மேல குடிச்சு ரத்தத்துல சோடியம் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போறவங்க இருக்காங்க.

குடியாத்தம் பெரியவர், வயசு 58: ஏம்மா, என் வாட்ச்ல 42.8 கிமீ காட்டுது, ரூட்டை அளந்ததுல தப்பா?

தப்பு இல்லீங்க ஐயா. முறையா அளக்கற ரூட்டை வளைவுகள்ல இருக்கறதுலயே குட்டையான பாதைலதான் அளப்பாங்க, நாம கூட்டத்துல வளைஞ்சு நெளிஞ்சு தண்ணிக்கு ஓரம் போய் ஓடறோம், ஜிபிஎஸ்ஸும் கொஞ்சம் பிசகும். அதனால வாட்ச் காட்டற வேகத்தை நம்பி டார்கெட் போடாதீங்க, ஓடின நேரத்தை 42.195 ஆல வகுத்துக்கோங்க.

பாகாயம் தோழி: பீரியட்ஸ் ரெண்டாவது நாள்ல ஓடினேன், 20லயே ஜீவன் போச்சு. இதையெல்லாம் நோட்டுல எழுதணுமா?

கண்டிப்பா எழுதணும் பா. நாம எழுதாம விட்டு விட்டுதான் "இவளுக்கு ஸ்டாமினா இல்ல"ன்னு பேர் வாங்கறோம். மூணு மாச ட்ரெய்னிங் நோட்டுல அந்தத் தேதிகளை சிவப்புல போட்டுப் பாரு. மோசமான லாங் ரன் எல்லாம் அது பக்கத்துலயே விழுந்தா உனக்கு ஒரு விடை கிடைச்சாச்சு. மாசம் பூரா களைப்பா இருந்தா ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்புல இருக்கற இரும்புச்சத்து ஸ்டாக்கைக் காட்டற டெஸ்ட்) ரெண்டும் பாரு. ஹீமோகுளோபின் சரியா இருந்தும் ஃபெரிட்டின் அடில கிடக்கலாம். எனக்கு அப்படித்தான் இருந்துச்சு, ஒரு சீசன் பூரா என்னையே திட்டிகினு ஓடினேன். மாத்திரை மட்டும் டாக்டரைக் கேட்டு எடு.

ஆரணி தம்பி: ஜெல் (ஓடும்போது சாப்பிடற இனிப்புப் பசை பாக்கெட்) சாப்பிட்டேன், 23ல வாந்தி. ஜெல்லே ஒத்துக்காதா?

இதுக்கு முன்னாடி எத்தனை லாங் ரன்ல சாப்பிட்ட? ஒண்ணுமில்லன்னா அது ஜெல் மேல தப்பு இல்ல. மணிக்கு 30லேர்ந்து 60 கிராம் மாவுச்சத்துன்னு சொல்வாங்க, வயித்தையும் அதுக்குப் பழக்கணும். தண்ணியோட எடு, எலெக்ட்ரால் தண்ணியோட சேர்த்து எடுக்காத. வாழைப்பழமோ பேரீச்சையோ ஒத்துக்கிட்டா அதுவே போதும்.

ராணிப்பேட்டை அண்ணன்: ரேஸ் நடுவுல வலி மாத்திரை போட்டேன், மறுநாள் சிறுநீர் காபி கலர்ல வந்துச்சு.

இதை நோட்டுல அப்புறம் எழுதிக்கலாம்ணா, முதல்ல இன்னிக்கே டாக்டரைப் பாருங்க. தசை உடைஞ்சு கிட்னிக்குப் போறதோட அடையாளமா இருக்கலாம். தண்ணி குறைஞ்ச உடம்புல அந்த மாதிரி மாத்திரை கிட்னிக்கு இன்னும் பாரம். இனிமே ரேஸ்ல வேணாம்.

ஆம்பூர் தம்பி: 33ல நின்னுட்டேன் அக்கா. மெடல் இல்ல. இதுல பார்க்க இன்னா கீது?

33 கிமீ கீதுடா தம்பி. மெடல் வாங்கினவங்க நிறைய பேரு நோட்டைத் திறக்கவே மாட்டாங்க. நீ நின்ன இடம் எனக்கு வேணும். எந்த கிமீல முதல்ல நிக்கலாம்னு தோணுச்சு, கால் நின்னுச்சா மனசு நின்னுச்சா, ரேஸுக்கு முந்தின ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கின, கடைசி ஜெல் எப்போ, எல்லாம் எழுது. அக்டோபர்லேர்ந்து ஓடின கணக்கையும் எடு, மொபைல்ல இருந்தா பேப்பர்ல இறக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை ஓட வேணாம், காலைல அஞ்சரைக்கு கோட்டை வாசல்ல வந்து நில்லு, என் மூணாவது ரேஸோட பிப்பை எடுத்துட்டு வரேன், ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்ப்போம்.