சனிக்கிழமை மாலையின் மூன்று அழைப்பிதழ்கள்

அன்புள்ள ஐயா,

சென்ற சனிக்கிழமை மாலை சிங்கப்பூரில் ஒரே நேரத்தில் மூன்று தமிழ் நிகழ்ச்சிகள் நடந்தன. விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் நூல் வெளியீடு, வாட்டர்லூ ஸ்திரீட்டில் பரதநாட்டியம், எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் பட்டிமன்றம். மூன்றுக்கும் எனக்கு அழைப்பு வந்தது. பட்டிமன்றத்துக்குப் போனேன், பாதி நாற்காலிகள் காலி. மற்ற இரண்டிலும் அதே கதைதானாம். நிகழ்ச்சிகள் மோதாமல் தேதி ஒதுக்கித்தர ஒரு பொதுக்குழு அமைத்தால் என்ன? எங்கள் அமைப்பின் ஆண்டு விழாவுக்குத் தேதி குறிக்கும் பொறுப்பு என்னிடம் இருப்பதால் கேட்கிறேன்.

க., யீஷூன்

அன்புள்ள க.,

மூன்றுக்கும் உங்களுக்கே அழைப்பு வந்தது என்ற வரியில்தான் என் கண் நின்றது. எனக்கும் அதே மூன்றும் வந்தன. ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு எல்லா அமைப்புகளும் அழைத்தால், தேதியை எப்படி மாற்றினாலும் அந்தப் பட்டியல் நீளப்போவதில்லை. பொதுக்குழு யோசனையில் எனக்கு நம்பிக்கை இல்லை. வளர்தமிழ் இயக்கம் 2007 முதல் ஏப்ரலில் நடத்திவரும் தமிழ் மொழி விழாவையே பாருங்கள்: ஒரு மாதத்தில் நான்கைந்து சனிக்கிழமைகளுக்கு மேல் இல்லாதபோது, அதில் நிகழ்ச்சி நடத்தும் அத்தனை அமைப்புகளுக்கும் எந்தக் குழு தேதி பிரித்துக் கொடுக்கும்?

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் ஆக அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். ஆனால் அந்தக் கணக்கு குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே கொண்டது. வேலை அனுமதியில் வந்து, தங்கும் விடுதியில் அறை முழுக்கத் தமிழ் பேசிக்கொண்டிருப்பவர்கள் அதில் இல்லை. நம் அழைப்பிதழ்ப் பட்டியலிலும் அவர்கள் இல்லை.

எஸ்பிளனேட் கலையரங்கம் திறக்கப்பட்ட 2002ஆம் ஆண்டிலேயே அங்கு தொடங்கிய கலா உத்சவம் என்ற இந்தியக் கலை விழாவில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை, முன்கூடத்தில் இலவசமாக நடந்த நாகசுரக் கச்சேரியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தூணோரமாக நின்றிருந்த ஓர் இளைஞர், சிமெண்டு வெடிப்பு ஏறிய விரல்களைத் தொடையில் தட்டித் தாளம் எண்ணிக்கொண்டிருந்தார். தனியாவர்த்தனம் முடிந்ததும் தவில்காரரின் வலக்கை விரல்களைக் காட்டி, “அதுக்குக் கூடுன்னு பேருண்ணே. துணியைச் சுத்திப் பசையைப் பூசிக் காயவைக்கணும். எங்க தாத்தா வீட்டுத் திண்ணையில வரிசையாக் காயும்” என்றார். மன்னார்குடிப் பக்கத்துக்காரர். ஆறு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் இருந்தும் அந்தக் கட்டடத்துக்குள் அன்றுதான் முதன்முறையாக நுழைந்திருக்கிறார், அதுவும் மழைக்கு ஒதுங்க. உள்ளே வர அவரை யாரும் தடுத்ததில்லை, வாருங்கள் என்று யாரும் சொன்னதும் இல்லை. அந்தக் கூட்டத்தில் தவிலை அவரளவுக்கு அறிந்து கேட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று தெரியவில்லை. நான் அவர்களில் ஒருவன் அல்லன்.

ஆகவே உங்கள் ஆண்டு விழாவைச் சனிக்கிழமையிலிருந்து ஞாயிறு பிற்பகலுக்கு நகர்த்திப் பாருங்கள். சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் மிச்சம். அன்று அவர்கள் தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்கு, வருகிறார்கள். சமூக மன்றம் வரை அவர்களை அலைய வைக்காமல், சிராங்கூன் ரோட்டிலிருந்து நடந்துவரும் தொலைவில் ஓர் இடம் பிடியுங்கள். அழைப்பிதழை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடுவதோடு நிறுத்தாமல், மளிகைக் கடைகளிலும் ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளிலும் கேட்டு ஒட்டுங்கள். மூன்று மணிக்குத் தொடங்கினால் ஐந்தரைக்குள் முடித்துவிட வேண்டும்; துவாஸ், கிராஞ்சி விடுதிகளுக்குத் திரும்புகிறவர்களை மறுநாள் விடியுமுன்னே லாரி ஏற்றிச் செல்லும். வாழ்த்துரைகளை இரண்டோடு நிறுத்தினால் நேரம் தாராளமாகப் போதும். என் பெயரை அந்த இரண்டில் சேர்க்க வேண்டாம். நாற்காலி எடுத்துப்போட ஆள் வேண்டுமென்றால் இரண்டு மணிக்கே வந்துவிடுகிறேன்.