பயணக் கேள்வி-பதில்: வீட்டு வாசலிலிருந்து கணக்குப் பாருங்கள்

திருகோணமலையிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்? (நிலாவெளி)

படத்தில் அடிமட்டம் வைத்தால் 500 கிலோமீட்டர் சொச்சம். ஆனால் இங்குள்ள சீனன்குடா விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு வழமையான விமான சேவை இல்லை. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குப் போனாலும் கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போனாலும் தரைவழி 250 கிலோமீட்டர் அளவில் வரும். கட்டுநாயக்கவிலிருந்து பறப்பது ஒன்றரை மணிநேரம். ஆனால் கட்டுநாயக்கவுக்குப் போய்ச் சேரவே வான் வண்டியில் ஆறு மணிநேரம். வாசலிலிருந்து கணக்குப் பாருங்கள்.

இந்தியா போக எத்தனை மணிநேரம்? (கிண்ணியா)

எந்த ஊருக்கு என்று எழுதாமல் கேட்டால் என்ன சொல்வது? கட்டுநாயக்கவிலிருந்து திருச்சி ஒரு மணிநேரம், டில்லி மூன்றரைக்கு மேல். அடுத்த முறை ஊர்ப் பெயரோடு எழுதுங்கள்.

தம்பியின் சிங்கப்பூர் டிக்கெட்டில் வெள்ளி 00.50 புறப்பாடு, காலை 7.20 வருகை. ஆறரை மணிநேரமா? வெள்ளி இரவுக்கு வான் சொல்லிவிட்டோம். (உப்புவெளி)

முதலில் வானை மாற்றுங்கள். வெள்ளி 00.50 என்றால் வியாழன் நள்ளிரவு தாண்டி ஐம்பது நிமிடம். வியாழன் இரவு 10 மணிக்குள் தம்பி கட்டுநாயக்கவில் நிற்க வேண்டும். அதற்கு வியாழன் பின்னேரம் 3 மணிக்காவது இங்கிருந்து வெளிக்கிட வேண்டும்.

இதை எத்தனை தரம் எழுதிவிட்டேன்! போன வருடம் எனக்குத் தெரிந்த மூதூர்க் குடும்பம் ஒன்று இப்படித்தான் ஒரு நாள் பிந்திப் போய் நின்றது. கவுண்டரில் இருந்தவர் பேசாமல் திகதியில் விரலை வைத்துக் காட்டினார். தாய் மூன்று சுற்று டேப் ஒட்டி, மகனின் பெயரைத் தடித்த பேனையால் எழுதிய கருவாட்டுப் பெட்டி அதே வானில் ஊருக்குத் திரும்பி வந்தது. டிக்கெட் போட்டவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை போயிருப்பான். நள்ளிரவு 12 மணிக்கும் விடியப்புறம் 4 மணிக்கும் இடையில் புறப்பாடு என்றால், நாட்காட்டியில் முதல் நாள் இரவைத்தான் வட்டமிடுங்கள்.

சரி, ஆறரை மணிநேரக் கணக்குக்கு வருவோம். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணிநேரம் முந்தியது. அதைக் கழித்தால் பறப்பது நாலு மணிநேரம்தான், தூரம் 2,750 கிலோமீட்டர். திரும்பும்போது அங்கே காலை 10க்கு ஏறினால் இங்கே 11.30க்கு இறங்கலாம். விமானம் வேகமாக வந்துவிடவில்லை, அதே நாலு மணிநேரம்தான்.

டுபாய்? (தம்பலகாமம்)

நாலரை மணிநேரம். அவர்கள் நமக்கு ஒன்றரை மணிநேரம் பிந்தி. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம், மறக்காதீர்கள்.

டோக்கியோ போவதைவிடத் திரும்பி வர நேரம் கூடுகிறதே, ஏன்? (கந்தளாய்)

நல்ல கேள்வி. ஏறக்குறைய 6,900 கிலோமீட்டர் தூரம். அந்தப் பக்கத்தில் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று அடிக்கிறது. போகும்போது அது பின்னாலிருந்து தள்ளும், வரும்போது முகத்தில் அடிக்கும். போக எட்டரை மணிநேரம் என்றால் வர ஒன்பதரை.