டயர் பிரஷர் சென்சார் உள்ள காரில் பஞ்சர் ஆனால் என்ன செய்வது?

பல கார்களில் இந்தச் சென்சார் சக்கரத்துக்குள், வால்வின் அடியில் இருக்கும். காற்றழுத்தத்தை அளந்து வயர் இல்லாமலே காருக்குச் சொல்லும். பொதுவாக அழுத்தம் கால்வாசி குறைந்த பிறகுதான் மஞ்சள் விளக்கு எரியும். அதாவது 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டியது 25-க்கு இறங்கும்போது. மொட்டைமாடித் தொட்டி அலாரம் மாதிரிதான்: தண்ணீர் குறைந்ததைச் சொல்லும், குழாய் எங்கே ஒழுகுகிறது என்று சொல்லாது.

தருமபுரியிலிருந்து சேலம் போகையில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் விளக்கு எரிந்தால் சடன் பிரேக் வேண்டாம். பின்னால் லாரி வரும். வேகத்தைக் குறைத்து, வளைவில்லாத இடத்தில் ஓரங்கட்டுங்கள். காற்றில்லாமல் ஓட்டினால் டயரின் பக்கவாட்டு நசுங்கி, ஒட்டவே முடியாமல் போய்விடும்.

பஞ்சர் கடையில் முதல் வார்த்தையே "அண்ணே, உள்ளே சென்சார் இருக்கு" என்பதாக இருக்கட்டும். டயர் கழற்றும் கம்பி வால்வுப் பக்கம் நெம்பினால் சென்சார் உடையும். பஞ்சர் கூலியெல்லாம் அதன் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஸ்டெப்னி மாட்டியும் விளக்கு அணையவில்லையா? பல கார்களில் ஸ்டெப்னிக்குச் சென்சார் கிடையாது, அவ்வளவுதான்.

விளக்கு எரியவில்லை என்பதால் காற்று சரியாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். 27-க்கு இறங்கியிருந்தாலும் அது வாயே திறக்காது.