சுருட்டி வைத்த யோகா மேட்

கேள்வி: எனக்கு 49 வயது. வங்கியில் காசாளர். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். இரண்டு வருடமாக பிபிக்கு அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிடுகிறேன். தை மாதம் யோகா வகுப்பில் சேர்ந்து, காலையில் ஒரு மணி நேரம் என்று இரண்டு மாதம் விடாமல் செய்தேன். மகளுக்குப் பரீட்சை வந்ததும் நின்றுவிட்டது. மறுபடி தொடங்க ஆசை. வீடியோ பார்த்து சிரசாசனம் பழகலாமா? யோகா செய்கிற தோழி ஒருத்தி மாத்திரையை நிறுத்தி நான்கு நாள் ஆகிறது, பிபி ஏறவே இல்லையாம். நானும் நிறுத்தலாமா? வகுப்பில் இயமம், நியமம் என்று ஒழுக்க நெறிகளைச் சொன்னார்கள். அதெல்லாம் குடும்பம், வேலை என்று ஓடுகிறவர்களுக்கு ஒத்துவருமா?
பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். உங்கள் தோழியும் இதே மாத்திரைதான் சாப்பிட்டார் என்றால், அந்த நான்கு நாள் கணக்கில் ஒரு ஏமாற்று இருக்கிறது. அம்லோடிபின் உடம்பில் மெதுவாகக் கரையும் மருந்து. நிறுத்தினாலும் முழுதாக வெளியேற ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதுவரை பிபியைப் பிடித்து வைத்திருப்பது பழைய மாத்திரை. பெயர் வாங்குவது யோகா. யோகாவால் பிபி குறைவது உண்மைதான். ஆனால் மேல் அளவில் ஐந்து புள்ளி போலத்தான் குறையும், 160-ஐ 120 ஆக்காது. தொடர்ந்து செய்து அளவுகள் இறங்கினால், மாத்திரையைக் குறைப்பது உங்கள் டாக்டர் வேலை.

சிரசாசனமும் வேண்டாம். சென்னை சங்கர நேத்ராலயாவில், யோகா நன்றாகப் பழகியவர்களிடமே சோதித்து 2006-ல் வெளியிட்டார்கள்: தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. நாற்பதைத் தாண்டிய கண்ணில் கிளாக்கோமா, அதாவது பார்வை நரம்பைக் கெடுக்கும் கண் அழுத்த நோய், சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கலாம். பிபி வேறு இருக்கிறது, கழுத்தெலும்பும் பாவம். வேகமாக மூச்சை அடித்து விடும் கபாலபாதியையும், மூச்சை அடக்கி வைப்பதையும்கூட விட்டுவிடுங்கள்.

சரி, நின்றுபோன கதைக்கு வருவோம். நின்றதில் ஆச்சரியம் இல்லை. எனக்கும் நின்றிருக்கிறது. இரவு டியூட்டி மாறி மாறி வந்த ஒரு வருடம், சுருட்டி வைத்த என் மேட்டை வீட்டில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், வடாம் துணி பறக்காமல் இருக்க ஓரத்தில் வைத்தார்கள். அன்றைக்குத்தான் உறைத்தது: ஒரு மணி நேரம் தனியாகக் கிடைத்தால்தான் யோகா என்று வைத்துக்கொண்டால், கிடைக்காத நாளில் ஒன்றுமே இருக்காது.

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் இருநூறுக்குச் சற்றுக் குறைவான சூத்திரங்கள். அவற்றில் ஆசனத்துக்கு நேராக ஒதுக்கியது மூன்றே மூன்று. நிலையாகவும் சுகமாகவும் இருப்பதே ஆசனம் என்பதுதான் அவர் சொல்லும் இலக்கணம். அந்தக் கணக்கில் நீங்கள் கவுன்டரில் உட்காரும் விதமும் ஆசனம்தான். பாதம் இரண்டும் தரையில் படட்டும், முதுகு நாற்காலியில் சாயட்டும், தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு நோட்டு எண்ணாதீர்கள்.

அப்புறம் மூச்சு. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் மூக்கால் நான்கு எண்ணும் நேரம் இழுத்து, ஆறு எண்ணும் நேரம் விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். சாதாரணமாக நாம் 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். மூச்சு வெளியே போகும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் கொஞ்சம் தணிக்கிறது. அதனால்தான் வெளிமூச்சை நீட்டச் சொல்கிறோம். ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் எண்ணுவதை விட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். மாலையில் இரண்டு ஸ்டாப்புக்கு முன்னாலேயே இறங்கி வேகமாக நடந்து வாருங்கள். வாரத்துக்கு 150 நிமிட நடை தேவை, மெதுவான ஆசனங்கள் அதற்கு ஈடாகாது. வகுப்பில் கற்றதை ஞாயிறு காலையில் நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

இயமம் பற்றிக் கேட்டீர்கள். எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். துறவிகள் சமாசாரம் என்று நினைத்துத் தள்ள வேண்டாம். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்புகள் கொண்ட அட்டாங்க யோகம் சொல்லும்போது இயமத்தில் நிற்பவனின் குணங்களை அடுக்குகிறார்: கொல்லாதவன், பொய் சொல்லாதவன், களவில்லாதவன் என்று போய், பகுத்து உண்பவன் என்றும் சேர்க்கிறார். சாப்பாட்டு மேசை வரைக்கும் வந்துவிட்டார் பாருங்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சியதை நின்றுகொண்டே ஊறுகாயோடு அள்ளிப் போட்டுக்கொள்கிற பழக்கம் இருந்தால், பகுத்துண்பதில் உங்கள் பங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைத்தாலே பிபிக்குப் பெரிய உதவி. கொல்லாமையில் வலிக்கிற மூட்டை மடக்கி வதைக்காததும் அடக்கம். பொய் கூறாமை? டாக்டரிடம் "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்" என்று சொல்வதை வைத்துச் சொல்கிறேன். எத்தனை பேர் எனக்கே சொல்லியிருக்கிறார்கள்!

இரண்டு வாரம் காலையில் மாத்திரைக்கு முன்னும், இரவிலும் பிபி பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு பாருங்கள், காபி குடித்த கையோடு வேண்டாம். நோட்டை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். தோழியை மட்டும் இரண்டு வாரம் காக்க வைக்காமல் இந்த வாரமே பிபி பார்க்கச் சொல்லுங்கள்.